கட்டிலில் ஊசி வேண்டாம்

சேலத்தில் குழந்தைகள் மருத்துவமனைக்கு அடையாளம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வரவேற்பறைச் சுவரில் ஒரு யானை, ஒரு ஒட்டகச்சிவிங்கி, பலூன் பிடித்த கோமாளி ஒருவன் கட்டாயம் இருப்பான். அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் குடியிருந்த வீட்டை மாற்றிக் கட்டிய பத்துப் படுக்கை நர்சிங் ஹோமிலும் இதே யானைதான். பெயின்டர் சிரத்தையாகத்தான் வரைந்திருப்பார். ஆனால் யானையின் கால் தொடங்குவதே தரையிலிருந்து நாலரை அடியில், நாற்காலி முதுகு உரசாத உயரத்தில். மூன்று வயதுக் குழந்தையின் மொத்த உயரமே ஏறக்குறைய மூன்றடிதான். கண் மட்டம் இன்னும் நாலு அங்குலம் கீழே. அந்த உயரத்தில் அதற்குக் கிடைக்கிற காட்சி வேறு: பில் கவுன்டரின் வெறும் பலகை, பெரியவர்களின் முட்டி, ஊசிமருந்து டிராலியின் மேல்தட்டு. தட்டில் கிட்னி ட்ரே, ட்ரேயில் மூடி கழற்றிய சிரிஞ்சு, பக்கத்தில் ரத்தம் துடைத்த பஞ்சு. எல்லாம் மூக்குக்கு நேரே.

குழந்தைகள் வார்டை நடத்துகிறவர்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள், பிள்ளையோடு நாலு நாள் தங்கப் போகிற பெற்றோர் என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெயின்ட் செலவைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பயம் குறைய வேண்டுமென்றால் முதல் ஏற்பாடு சுவரில் இல்லை. இந்தக் கட்டடத்துக்குள் தன்னை யாரும் எதுவும் செய்யாத ஓர் இடம் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். அந்த இடம் அதன் கட்டில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கட்டிலிலேயே ஊசி போட்டு, கட்டிலிலேயே ரத்தம் எடுத்து, கட்டிலிலேயே கட்டுப் பிரித்தால் என்ன ஆகிறது? வெள்ளை உடுப்பு யார் வந்தாலும், சாப்பாட்டுத் தட்டு எடுக்க ஆயா வந்தாலும்கூட, காலடிச் சத்தம் கேட்டதுமே குழந்தை சுருண்டுகொள்ளும். தூங்கும்போது வந்து குத்தியிருந்தால் அடுத்த நாள் தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தூக்கம் கெட்டால் சாப்பாடு கெடும், அழுகை கூடும், ஜுரம் விட்ட பிறகும் குழந்தை தேறாதது போலவே தெரியும். வலிக்கிற காரியங்கள் எல்லாம் ஒரே அறையில் நடந்தால், அந்த அறைக்குத்தான் குழந்தை பயப்படும். அந்த ஒரு பயத்தை வைத்துச் சமாளிக்கலாம்.

‘அதுக்குத் தனி ரூமுக்கு எங்கங்க போறது?’ என்பது நர்சிங் ஹோம் நடத்துபவர்களின் முதல் பதில். எட்டுக்கு எட்டு அறை போதும். வீட்டை மாற்றிக் கட்டிய இடங்களில் பழைய ஸ்டோர் ரூமோ பூஜை அறையோ பெரும்பாலும் இருக்கும். அட்டைப்பெட்டிகளை வேறெங்காவது ஏற்றிவிட்டால் சரி. கட்டாயம் வேண்டியது மரக்கதவு. துணித் திரை கண்ணை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. உள்ளே ஓர் உயர்ந்த மேசை, அம்மா குழந்தையை மடியில் வைத்து உட்காரக் கைப்பிடி இல்லாத அகல நாற்காலி, மூடி போட்ட ட்ரே, கை கழுவும் குழாய். மூச்சுத் திணறல், வலிப்பு மாதிரி அவசரத்தில் இந்த விதியெல்லாம் கிடையாது. குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிகிச்சை.

பகலில் ஒழுங்காக நடக்கிற விதி ராத்திரி இரண்டு மணிக்கு உடையும். ஆன்டிபயாடிக் நேரம், டூட்டியில் ஒரே சிஸ்டர், குழந்தையை அறைக்குத் தூக்கிப் போக ஆளில்லை. ஏற்கெனவே கையில் இருக்கிற வென்ஃப்ளானில்தான் (நரம்புக்குள் விட்டு வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) மருந்து போகப் போகிறது, புதிதாகக் குத்தப் போவதில்லை. ஆனால் பாதித் தூக்கத்தில் விழிக்கிற குழந்தைக்குச் சிரிஞ்சு மட்டும்தான் தெரியும். முனையில் ஊசி இல்லை என்பதைக் காட்டிவிட்டு, ‘ட்யூப்லதான் போடறேன் கண்ணு, உன் கையில இல்ல’ என்று சொல்லி, மருந்தை நன்றாகக் கரைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரமாகத் தள்ளினால் சில மருந்துகள் நரம்பில் எரியும். அத்தோடு கட்டில் மேல் இருந்த நம்பிக்கையும் போச்சு.

உங்கள் வார்டு குழந்தைக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு எளிய வழி. போனில் வீடியோவை ஓடவிட்டு, தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து கட்டில் வரை நடந்து பாருங்கள். பிறகு ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்து, போனைக் கூரை நோக்கிப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வரை தள்ளச் சொல்லுங்கள். முதல் வீடியோவில் டிராலியும் குப்பைத் தொட்டியும் நாயகர்கள். இரண்டாவதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணைக் கூசவைக்கும் ட்யூப் லைட், டிரிப்ஸ் கம்பியின் கொக்கி, தலைகீழான முகங்கள். இதைப் பார்த்த நிர்வாகிக்கு அதிகம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. சிரிஞ்சு, கத்தரி எல்லாம் டிராலியின் கீழ்த்தட்டில் மூடிய பெட்டிக்குள் போகும், மேல்தட்டில் ஒரு துணி விழும். படம் வரைவதென்றால் இரண்டடியிலிருந்து மூன்றரை அடிக்குள் வரையச் சொல்வார். சிகிச்சை அறைக் கூரையில், குழந்தை படுத்தால் கண்ணுக்கு நேரே வரும் இடத்தில், பத்துப் பன்னிரண்டு மீன் ஸ்டிக்கர் ஒட்டலாம். ‘நீல மீன் எத்தனை?’ என்று எண்ணவிட அது போதும்.

கோமாளியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 16 வயது வரையான 250-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மருத்துவமனைச் சுவரில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தபோது, எல்லா வயதிலும் பிடிக்காமல் போனது கோமாளிப் படம்தான். பெரிய பிள்ளைகளுக்கும் அதைப் பார்த்துப் பயம். பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்ததை வரைந்துவிட்டுக் குழந்தைக்கு என்கிறார்கள். நம் ஊரில் அதையே ஏன் திரும்பத் திரும்ப வரைகிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு பெயின்டரின் ஆல்பம் ஊரெல்லாம் சுற்றுகிறது போல.

சத்தத்துக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டி, வார்டுக்குள் இரவில் சராசரி 30 டெசிபல் என்கிறது. நம் நாட்டின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக வைத்து, பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்று வரம்பு போட்டிருக்கின்றன. ஏர் ஹாரன் அடிக்கிற பஸ்ஸுக்கும், ஆடி மாதம் தெருவுக்குத் தெரு கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கும் இது தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் குழந்தையைத் தூக்கிவாரிப் போடும் சத்தத்தில் பெரும்பகுதி உள்ளேதான் பிறக்கிறது. ஸ்டீல் ட்ரே மீது ஸ்டீல் கிண்ணம், எண்ணெய் காணாத டிராலிச் சக்கரம், காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியின் மூடி, நெபுலைசர் மெஷினின் இரைச்சல். ட்ரேக்கு அடியில் மடித்த துணி, சக்கரத்துக்கு எண்ணெயும் ரப்பர் வளையமும், தொட்டி மூடியின் விளிம்பில் ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப். கையைக் கடிக்காத செலவு. நெபுலைசரை மாஸ்க் முகத்தில் வைத்த பிறகு ஆன் செய்யாமல், முதலில் இரண்டு மூன்று அடி தள்ளி ஓடவிட்டு, ‘மெஷின் கத்துது பாரு’ என்று பழக்கிவிட்டுப் பிறகு கிட்டே கொண்டுவந்தால் முகத்தைத் திருப்புவது குறையும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது இன்னொரு குழந்தை அலறுகிற சத்தம். அடுத்து நம் முறை என்று காத்திருக்கிற குழந்தைக்கு அதைவிடத் தெளிவான செய்தி கிடையாது. ரத்தம் எடுக்கும் இடத்தை ஓ.பி. காத்திருப்பு பெஞ்சுக்கு எதிரிலேயே வைத்திருக்கிறார்கள். பில் போட வசதி என்பார்கள். அதை உள்ளே தள்ளுங்கள், இல்லையென்றால் பெஞ்சைத் தள்ளுங்கள். ஊசி முடிந்த குழந்தை வந்த வழியே காத்திருப்பவர்களைத் தாண்டி அழுதுகொண்டே போகாமல், வேறு கதவு வழியாக வெளியேற முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி அந்த அறைக்குள் நடப்பது. வென்ஃப்ளான் போடுவதையே எடுத்துக்கொள்வோம், வார்டில் மிகுதியாக அழுகை கேட்பது அதில்தான். அவசரம் இல்லாத குழந்தைக்கு மரத்துப்போகச் செய்யும் கிரீம் போட நேரம் இருக்கிறது: லிடோகைனும் பிரிலோகைனும் தலா 2.5 சதவீதம் கலந்தது. காயமில்லாத தோலில் தடிமனாக வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தால் மூடி, முழுதாக 60 நிமிடம் விட வேண்டும். ‘கிரீம் போட்டும் வலிச்சுது’ என்று சொல்கிற இடங்களில் பெரும்பாலும் இருபது நிமிடத்தில் துடைத்திருப்பார்கள். தேய்த்துவிட்டால் வேலை செய்யாது, மேலே கெட்டியாக நிற்க வேண்டும். முதல் நரம்பு கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு இடங்களில் போட்டு வையுங்கள். கிரீம் நரம்பைச் சுருக்கித் தோலை வெளிறச் செய்யும். துடைத்ததும் குத்தப் போனால் நரம்பு தெரியாமல் நாலு தடவை தேட நேரும். ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் நரம்பு மறுபடி எழும். கைக்குழந்தைகளுக்கு எவ்வளவு, எத்தனை நேரம் என்பது எடையையும் வயதையும் பொறுத்தது. அதை டாக்டர் சொல்ல வேண்டும்.

எந்தக் கையில் போடுவது என்று நரம்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘பாப்பா எந்த விரல் சூப்பும்?’ என்று அம்மாவிடம் கேளுங்கள். சூப்பும் கையைக் கட்டிவிட்டால், பயத்தில் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அதற்கு இருந்த ஒரே வழியையும் பிடுங்கிவிட்டோம். எழுதுகிற வயதென்றால் எழுதும் கையை விட்டுவிடுங்கள்.

குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பது வழக்கம். வேகமாக முடியும் என்று நினைக்கிறார்கள். மல்லாந்து அமுக்கப்பட்ட எந்த உடம்பும் முண்டும், முண்டினால் நரம்பு நழுவும், திரும்பக் குத்த வேண்டும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை மார்போடு மார்பாகவோ பக்கவாட்டிலோ மடியில் அணைத்துக்கொள்ளட்டும். குத்த வேண்டிய கை மட்டும் அம்மாவின் அக்குள் வழியாகப் பின்பக்கம் வந்து, மேசையில் தலையணை மேல் இருக்கட்டும். அந்தக் கையைப் பிடிக்க ஒரு சிஸ்டர், குத்த ஒருவர். அம்மாவின் வேலை அணைப்பது மட்டும். அமுக்கிப் பிடிக்கிற வேலையை அம்மாவிடம் கொடுக்கக் கூடாது. குழந்தை அறைக்குள் வருமுன்பே பிளாஸ்டரைக் கீறி ட்ரே விளிம்பில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். வென்ஃப்ளான் அளவு சின்னக் குழந்தைக்கு மஞ்சள் நிற 24, கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு நீல நிற 22, இரண்டிலும் உபரி ஒன்று கையெட்டும் தூரத்தில். குத்திய பிறகு ‘அந்த டேப்ப எடு, கத்தரி எங்க?’ என்று தேடும் அரை நிமிடத்தில்தான் வென்ஃப்ளான் கழன்று வரும். ஸ்பிரிட் தடவினால் அது காயும் வரை முப்பது விநாடி காத்திருங்கள். ஈரத்தோடு குத்தினால் எரிச்சல் கூடுதல். இரண்டு தடவை கிடைக்கவில்லை என்றால் கையை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது மேல்.

அந்த நேரத்தில் குழந்தைக்கு வேலை வேண்டும். சோப்பு நுரையில் குமிழி ஊதுவது, காகிதக் காத்தாடியை ஊதிச் சுற்றுவது இரண்டும் நல்லவை; ஊதும்போது மூச்சு நீளும், தசை தளரும். போனில் வீடியோ காட்டுவதென்றால் ஊசி எடுக்கும்போது ஆரம்பிக்காமல் ஐந்து நிமிடம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். குத்தி முடித்ததும் வெடுக்கென்று போனைப் பிடுங்காதீர்கள். கையுறையை ஊதி மூஞ்சி வரைந்து பலூன் என்று கொடுப்பது எல்லா வார்டிலும் உண்டு. பார்க்க அழகு. வெடித்தால் குழந்தை அலறும், கிழிந்த ரப்பர்த் துண்டு தொண்டையில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கைக்குள்ளே ஊசி இன்னும் இருக்கிறது என்றே பல பிள்ளைகள் நம்புகிறார்கள். அதனால்தான் இரண்டு நாளாகக் கையை அசைக்காமல் தூக்கிப் பிடித்தபடியே படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்கிறோம். ஊசி நீக்கிய புதுக் குழாய் ஒன்றைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள்: ‘ஊசிய எடுத்தாச்சு. உள்ள இருக்கறது இந்த மெல்லிசு ப்ளாஸ்டிக்தான், வளையும் பாரு.’ கழற்றும் நாளில் பிளாஸ்டரைத் தண்ணீரிலோ தேங்காய் எண்ணெயிலோ ஊறவிட்டு ஓரம் ஓரமாக எடுங்கள். சர்ரென்று இழுத்தால் குத்தியதைவிட இழுத்ததுதான் நினைவில் நிற்கும்.

தடுப்பூசிக்கு இவ்வளவு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னவை சுலபமானவை: கைக்குழந்தைக்கு ஊசிக்குச் சற்று முன்பிருந்தே பால் கொடுத்துக்கொண்டிருப்பது, கொஞ்சம் பெரிய குழந்தையை நிமிர்த்தி மடியில் வைப்பது, குத்தியபின் சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் மருந்தைச் செலுத்துவது, பல ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவது.

மருத்துவமனைச் சூழல் என்று பேசும்போது வீட்டை விட்டுவிட முடியாது. ‘சாப்பிடலேன்னா டாக்டர் கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று வருஷக்கணக்காகச் சொல்லி வளர்த்த பிள்ளையை வார்டில் சேர்த்தால், தான் செய்த ஏதோ ஒரு தப்புக்குத்தான் இது என்று அது நம்பும். நாலு ஐந்து வயதில் இந்த நம்பிக்கை இயல்பாகவே இருக்கும். நாம் அதற்குச் சாட்சி வேறு சொல்லி வைத்திருக்கிறோம். ‘நீ எதுவும் தப்பு பண்ணல, உடம்பு சரியில்ல, அதுக்குத்தான்’ என்று வெளிப்படையாக ஒரு தடவையாவது சொல்லுங்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்ற பொய் ஒரு தடவைதான் செல்லுபடியாகும். ‘எறும்பு கடிச்ச மாதிரி’ என்பது டவுன் வசனம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் ஓடி விளையாடுகிற பிள்ளையிடம் போய் இதைச் சொன்னால், முசுறு எறும்பு ஏறிக் கடித்தது எப்படி இருக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். பயம் கூடத்தான் செய்யும். ‘சுருக்குன்னு இருக்கும், அஞ்சு எண்றதுக்குள்ள போயிடும்’ என்றால் போதும். ரத்தம் எடுக்கும்போது உடம்பிலுள்ள எல்லா ரத்தமும் போய்விடும் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. ஐந்து மில்லி என்பது ஒரு டீஸ்பூன். ஸ்பூனையே காட்டலாம்.

மருத்துவமனைக்குப் போகப் போகிறோம் என்பதை எப்போது சொல்வது என்று கேட்பார்கள். இரண்டு மூன்று வயதுக்கு முந்தின நாள் சொன்னால் போதும். நாலிலிருந்து ஆறு வயதுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு. ஏழுக்கு மேல் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும்.

ஜன்னல். அமெரிக்க ஆய்வாளர் ராஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு பெரியவர்களைப் பற்றியது, பித்தப்பை அறுவை செய்தவர்கள். ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சேலத்தில் இதற்கு விடை வடக்கில் இருக்கிறது. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் குறைவு, வெளிச்சம் பெரும்பாலும் ஒரே சீர், மாடி என்றால் நகரமலையும் அதற்கு அந்தப் பக்கம் சேர்வராயன் மலையும் தெரியும். மேற்கு ஜன்னலோரம் கட்டில் போட்டால் ஏப்ரல், மே மதியத்தில் குழந்தை வெந்து போகும். பிறகு ஜன்னலை அட்டை வைத்து அடைப்பார்கள், காட்சியும் போகும். கட்டிலைத் தலைமாடு ஜன்னல் பக்கம் வராமல் பக்கவாட்டில் போடுங்கள். இப்போது பல வார்டுகளில் ஜன்னல் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கிறது, மலையைப் பார்ப்பது டூட்டி டாக்டர்தான்.

இரவில் பெரிய ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, கட்டில் உயரத்துக்குக் கீழே மஞ்சள் வெளிச்சமாக ஒரு சின்ன விளக்கு. முழு இருட்டும் வேண்டாம், குழந்தை விழித்தால் அம்மா முகம் தெரிய வேண்டும். உடல்நிலை சீராக இருக்கிற குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது, மருந்து கொடுப்பது, டிரிப்ஸ் பார்ப்பது மூன்றையும் ஒரே நேரத்தில் சேர்த்து முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மணிக்கொரு ஆள் வந்து எழுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் யாரும் கேட்காததால்தான்.

அறுவை சிகிச்சை நாள் தனிக் கதை. பட்டினியில் தொடங்குகிறது பாதி அழுகை. பொதுவான கணக்கு: திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீர் மாதிரி தெளிந்தவற்றுக்கு 2. பசும்பாலும் பவுடர் பாலும் திட உணவுக் கணக்கில். ஆனால் நடப்பது என்ன? ‘ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க’ என்று ஒரே வரியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, மறுநாள் பதினொரு மணிக்குக் குழந்தையை எடுப்பார்கள். பதின்மூன்று மணி நேரம், அதுவும் சேலத்து வெயிலில். பட்டியலில் சின்னக் குழந்தை முதலில் வர வேண்டும், எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டரிடம் மணிக்கணக்காகவே கேட்டு வாங்க வேண்டும். அவர் சொல்வதுதான் இறுதி.

அரைஞாண், கொலுசு, தாயத்து. தியேட்டர் வாசலில் கத்தரியை எடுத்து அரைஞாண் கயிற்றை வெட்டுவதுதான் சில குழந்தைகளுக்கு அன்றைய தினத்தின் மிகப் பெரிய அதிர்ச்சி. இடுப்புக்குக் கத்தரி வருகிறது, பாட்டி அழுகிறாள், வேறென்ன நினைக்கும்? உலோகத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே கழற்றிவிடலாம், செவ்வாய்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு பத்திரமாகவும் இருக்கும். கயிறு மட்டும்தான், உலோகம் இல்லை என்றால், அதைக் கையில் கட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்னும் கூட இருந்தவர்களும் 2001-ல் எளிமையான ஒன்றைச் சோதித்தார்கள். தியேட்டருக்குள் வெளிச்சத்தைக் குறைத்து, மெல்லிய இசை வைத்து, மயக்க மருந்து டாக்டர் ஒருவர் மட்டும் குழந்தையிடம் பேசினார். அந்தப் பிள்ளைகளின் பதற்றம் குறைவாக இருந்தது. இதற்குக் காசு ஒன்றும் ஆகாது. ஆனால் நம் தியேட்டர்களில் குழந்தை உள்ளே வந்ததும் ஐந்து பேர் ஒரே நேரத்தில் ‘பேரென்ன, எந்த ஸ்கூலு, அழக்கூடாது, பெரிய பையன்ல’ என்று ஆரம்பிப்பார்கள். எல்லாம் அன்புதான். ஒருவர் பேசட்டும். உள்ளே குளிரும், அதனால் போர்வையோடு கொண்டு போங்கள்; குளிரில் நடுங்குவதையும் பயத்தில் நடுங்குவதையும் குழந்தைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாஸ்க் ஒன்றை முந்தின நாளே விளையாடக் கொடுத்து, பொம்மைக்கு மாட்டச் சொல்லலாம். ‘தூங்க வெச்சிடுவாங்க’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தாத்தா தூங்கிட்டார் என்று சொல்லித்தான் போன வருஷம் எடுத்துப் போனோம். ‘இது மருந்துத் தூக்கம், ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டரே எழுப்பிடுவார், எழுந்ததும் நான் இருப்பேன்’ என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் பொய்யாகக் கூடாது என்றால், மயக்கம் தெளியும் அறைக்குள் அம்மாவை விடுவார்களா என்று முன்பே கேட்டு வைக்க வேண்டும். மயக்கம் தெளியும்போது, முக்கியமாகப் பள்ளிக்கூடம் போகாத வயதில், சில குழந்தைகள் யாரென்றே தெரியாமல் உதைத்து அலறும். பெரும்பாலும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். உள்ளே போகும்போது மிகவும் பதறிய குழந்தைக்கு இதற்கு வாய்ப்பு அதிகம்.

மலைப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், சேலம் 300-க்குள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வாந்தி எடுத்து, காதடைத்து, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்த குழந்தை கீழே அனலில் வந்து நிற்கிறது. நாகலூரிலிருந்தோ மஞ்சக்குட்டையிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு இவ்வளவு வண்டி, இவ்வளவு ஜனம் பழக்கமே இல்லை. வந்ததும் டோக்கன் போட்டு நாடி பார்த்தால் துடிப்பு வேகமாகத்தான் இருக்கும். முகம் கழுவவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி, அனுமதி இருந்தால் தண்ணீர் கொடுத்து இருபது நிமிடம் ஓரமாக உட்காரவைத்துப் பிறகு பாருங்கள். அறுவைக்கு என்றால் வெறும் வயிற்றோடு விடியற்காலை பஸ்ஸில் இறக்காமல், முந்தின நாள் சாயங்காலமே வந்து தங்கச் சொல்லுங்கள்.

விளையாட்டு மூலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த பொம்மை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் உதவும். வெளியே வையுங்கள். துணிப் பொம்மை வேண்டாம், கழுவ முடிகிற பிளாஸ்டிக் போதும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பின், 5 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலில் 20 மில்லி எடுத்து, தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். வாயில் வைக்கிற பொம்மையை இரண்டு தடவை அலசுங்கள். ஊசி, மருந்து எதையும் இந்த மூலைக்குக் கொண்டு வரக் கூடாது. கட்டிலுக்கு உள்ள அதே விதிதான்.

அம்மா கூடவே தங்குவது நமக்குப் பெரிய பலம். இங்கிலாந்தில் 1950-கள் வரை பெற்றோரை வாரத்தில் சில மணி நேரம் மட்டும்தான் விட்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் 1952-ல், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படமெடுத்துக் காட்டினார். பெற்றோர் எந்நேரமும் வரலாம், அம்மா கூடவே தங்கலாம் என்று 1959-ல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றி ஆராய்ந்த பிளாட் குழு பரிந்துரைத்தது. அங்கே போராடி வாங்கியது இங்கே இயல்பாக இருக்கிறது. இருக்கிறதே தவிர, அந்த அம்மாவுக்கு இடம் இல்லை. கட்டில் விளிம்பில் ஒருக்களித்தபடி, சாப்பிடப் போனால் டாக்டர் வந்துவிடுவாரோ என்று பட்டினி கிடக்கிற அம்மாவின் பதற்றம் அப்படியே குழந்தைக்கு இறங்கும். சாய்ந்து படுக்கிற நாற்காலி ஒன்று, ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் எழுதிய பலகை ஒன்று. ராத்திரி அப்பாவை உள்ளே விடாத வார்டுகளில், அம்மா குளிக்கப் போகிற அரைமணி நேரத்துக்காவது யார் குழந்தையோடு இருப்பது என்று சிஸ்டர் கேட்டு வைக்க வேண்டும். போகும்போது குழந்தை தூங்கினாலும் சொல்லிவிட்டே போங்கள். நைசாக நழுவிப் போய், அது விழித்துத் தேடினால் அடுத்த நாள் கழிவறைக்குக்கூட விடாது.

வீட்டுக்குப் போன பிறகு படுக்கையில் சிறுநீர் போவது, ராத்திரி அலறி எழுவது, அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டே திரிவது, பழைய மழலைக்குத் திரும்புவது எல்லாம் வரலாம். திட்ட வேண்டாம். விளையாட்டு ஊசி ஒன்று கையில் கிடைத்தால் பொம்மைக்கும் பாட்டிக்கும் போட்டுக்கொண்டே இருக்கும். தடுக்காதீர்கள், அதன் வைத்தியம் அது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ சீராகவில்லை என்றால், தையல் காட்டப் போகும்போது அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காயம் ஆறியதா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடப் போகிறார்.